எட்டு ஏக்கர் கொசுறு

காலம் விலைமதிப்பற்றது என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைத்த புண்ணியவான் ஒட்டன்சத்திரம் தக்காளிச் சந்தைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருப்பார். மணிக்குப் பதினெட்டு ரூபாய், பெட்டி ஒன்றுக்கு. காலை எட்டு மணிக்கு முந்நூற்று இருபதுக்கு ஏலம் போகிற பெட்டி மாலை ஆறு மணிக்கு நூற்று நாற்பது. இடையில் தக்காளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதே சிவப்பு, அதே பளபளப்பு. பத்து மணி நேரம் கழிந்திருக்கும், அவ்வளவுதான். ஆறுக்கு மேல் பெட்டிக் கணக்கும் கிடையாது. சாக்கை விரித்துக் கூறு கட்டிவிடுவார்கள். கூறு பத்து ரூபாய்.

அந்தக் காலத்தை நிறுத்துகிற பொடியைச் செய்து விற்றவன் நான். பெயர் பொன்ராசு. அப்பா காலத்திலிருந்து காய்கறி மண்டி. பேரம் பேசப் படித்த அளவு நான் வேறெதையும் படிக்கவில்லை. ரசாயனம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியது ஜெனிட்டா. திண்டுக்கல்லில் கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஒரு கண்ணாடிக் குப்பியோடு என் மண்டிக்கு வந்தாள். குப்பியில் வெள்ளைப் பொடி.

"அண்ணாச்சி, பழுக்குற பழம் ஒரு வாயுவ விடும். கண்ணுக்குத் தெரியாது. அது பக்கத்துப் பழத்துக்கிட்டப் போயி, 'நான் பழுத்துட்டேன், நீ என்ன வேடிக்கை பாக்குற'ன்னு சொல்லும். அதுவும் பழுக்கும். அது அதுக்கு அடுத்ததுகிட்டச் சொல்லும்."

"எங்க சந்தையில வதந்தி பரவுற மாதிரி."

"அதேதான். இந்தப் பொடி வதந்தியப் பிடிச்சு உள்ள வெச்சுக்கும்."

"எத்தனையப் பிடிக்கும் டாக்டரம்மா? பாத்தா விபூதி மாதிரி இருக்கு."

"விபூதிக்குள்ள எடம் கெடையாது. இது ஒவ்வொரு துகளும் ஒரு லாட்ஜ். உள்ள பூரா ரூம். அந்தச் செவுத்தையெல்லாம் பிரிச்சுத் தரையில விரிச்சா ஒரு கிராமுக்கு இருபது சென்ட் வரும்."

சாய்ந்திருந்தவன் நிமிர்ந்துவிட்டேன். "சென்ட்டுன்னா, நெலம் அளக்குற சென்ட்டா?"

"அதே சென்ட்தான். அஞ்சு கிராம் பொட்டலத்துக்குள்ள ஒரு ஏக்கர்."

"பத்திரச் செலவு?"

"கெடையாது."

அங்கேயே கை கொடுத்துவிட்டேன்.

பழனி சாலையில் ஒரு பழைய எண்ணெய் ஆலையை வாடகைக்குப் பிடித்தோம். அரிசி ஆலைகள் தலையைச் சுற்றி எறிகிற உமிச் சாம்பல், வெள்ளைக் களிமண், காஸ்டிக் சோடா. மூன்றையும் கூழாகக் கரைத்து, ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு ஒரு எஃகுக் கொப்பரையில் ஊற்றி, மூடியை முடுக்கி ஒரு நாள் முழுக்க ஆவியில் வேகவைக்கவேண்டும். பிறகு கழுவி, உலர்த்தி, சூளையில் சுடவேண்டும். ஒரு வேக்காட்டை, இட்லிக்குச் சொல்வதைப்போல, ஈடு என்றே சொல்லிவந்தோம். ஒரு ஈட்டுக்கு முப்பது கிலோ பொடி.

மூடியை மூடுமுன் ஒரு காரியம் உண்டு. பாலுக்கு உறை ஊற்றுவதைப்போல, பழைய பொடியில் கொஞ்சம் கூழில் போடவேண்டும். புதுத் துகள்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் அறைகளைக் கட்டிக்கொள்ளுமாம். ஜெனிட்டா எழுதிக்கொடுத்த அளவு நானூறு கிராம். மற்றதையெல்லாம் இயந்திரம் அளந்து ஊற்றியது. உறைப்பொடி மட்டும் பறந்து பறந்து இயந்திரத்தின் தொண்டையை அடைத்தது. கையால் அளக்க ஆள் வேண்டும் என்றாள் ஜெனிட்டா. நான் ஒச்சம்மாவை அனுப்பினேன்.

ஒச்சம்மா என் மண்டியின் சில்லறைப் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் தராசு பிடித்தவள். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் சோணை சந்தையில் மூட்டை தூக்குகிறவன். வீட்டில் ஆறு வாய். அவள் எடையில் யாரும் குறை சொன்னதில்லை. தராசு நேராக நின்ற பிறகு ஒரு கை கறிவேப்பிலையோ நாலு மிளகாயோ பைக்குள் விழும். கேட்டாலும் விழும், கேட்காவிட்டாலும் விழும்.

பொடிக்கு நான் வைத்த பெயர் 'என்றும் புதுசு'. சந்தை வைத்த பெயர் 'பிரேக்குப் பொடி'. சந்தை வைத்ததுதான் நின்றது. பெட்டிக்கு ஒரு பொட்டலம் போட்டால், செங்காயாகப் பறித்த தக்காளி அறுபது நாள் அப்படியே இருக்கும். பொட்டலத்தை எடுத்துவிட்டால் நாலாம் நாள் பழுக்கும்.

முதல் ஆறு மாதம் கள்ளிமந்தயத்து விவசாயிகள் என்னைக் கொண்டாடினார்கள். ஒருவர் சால்வையே போர்த்தினார். வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகவேண்டியதில்லை, காத்திருக்கலாம். அடுத்த ஆறு மாதத்தில் அவர் சால்வையைத் திருப்பிக் கேட்காதது பெருந்தன்மை. காத்திருக்க முடிந்தால் போதாது. அடுத்தவனைவிட அதிக நாள் காத்திருக்க முடியவேண்டும். சரக்கு அடுக்கக் கிட்டங்கி வைத்திருக்கிறவன் எங்கே, கொட்டகை வைத்திருக்கிறவன் எங்கே? எல்லா மண்டிக்காரர்களும் வாங்கி அடுக்கினார்கள். நானும் அடுக்கினேன்.

சந்தை அமைதியாகிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓடி, கத்தி, மணியைப் பார்த்து, விலையை இறக்கி, மறுபடி மணியைப் பார்த்து வளர்ந்த உடம்பு. இப்போது யாரும் மணி பார்க்கவில்லை. காலையில் முந்நூறு, மாலையிலும் முந்நூறு. என் கால்கள் மட்டும் பழைய ஞாபகத்தில் நடந்துகொண்டிருந்தன. சாப்பிடும்போதும் நின்றுகொண்டே சாப்பிட்டேன். "லாபம் வர்ற மனுசன் இப்படியா அலையிறது?" என்றாள் என் சம்சாரம்.

ஒரு நாள் சம்பளம் வாங்க வந்த ஒச்சம்மா, வாங்கிக்கொண்ட பிறகும் நின்றாள்.

"என்னம்மா?"

"சாயங்காலம் கூறு போடுறதே நின்னு போச்சு மொதலாளி."

"அழுகுனாத்தானம்மா கூறு? இப்பத்தான் ஒண்ணும் அழுகலையே. நல்லதுதான?"

"நல்லதுதான்" என்றாள். நகரவில்லை. "ஆறு மணிக்கு வெல எறங்கும்னு ஒரு கூட்டமே நிக்கும். கட்டட வேலைக்குப் போறவுக, மில்லுக்குப் போற புள்ளைக, மெஸ் நடத்துறவுக, நானு. எங்க வீட்டுக் கொழம்பெல்லாம் ஆறு மணிக் கொழம்பு. இப்ப ஆறு மணின்னு ஒண்ணே இல்லையே."

"சம்பளம் கூட்டிக் கேக்குறதுக்கு இவ்வளவு சுத்தி வர்றியா?"

"கூட்டிக் குடுத்தா வாங்கிக்கிறேன். அந்த மெஸ்காரம்மா யாருகிட்டக் கேக்கும்? எங்க வீட்டுக்காரருக்கும் வாரத்துல மூணு நாளுதான் வேல. சரக்கு அசையாமக் கெடந்தா சொமகூலி எங்கிட்டு?"

சிரித்தேன். நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரம்தான் போர்டு யோசனை வந்தது. கொசுறை தர்மம் என்று நினைப்பவர்கள் கடை வைத்ததில்லை. மாலைக்குள் வாடப்போகிற கறிவேப்பிலையைத்தான் நாங்கள் கை நிறைய அள்ளிக் கொடுத்தோம். இப்போது கறிவேப்பிலையும் வாடுவதில்லை, மிளகாயும் சுருங்குவதில்லை. ஒவ்வொரு கைப்பிடியும் நாளைக்கு விற்கக்கூடிய சரக்கு. அதை ஏன் பைக்குள் போடவேண்டும்? பஸ் நிலையத்துக்கு எதிரே அச்சுக்கடை வைத்திருக்கும் காஜாவிடம் ஒரு போர்டுக்குச் சொன்னேன்.

'கொசுறு கிடையாது. கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். இப்படிக்கு, நிர்வாகம்.'

போர்டு வாங்கப் போனால் காஜா இரண்டாக நீட்டினார்.

"ஒண்ணுதான பாய் சொன்னேன்?"

"தகடு மிஞ்சுச்சு அண்ணாச்சி. இன்னொண்ணு போட்டுட்டேன். கொசுறுன்னு வெச்சுக்கங்க."

சும்மா வந்ததைத் தூக்கி எறிகிற பழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. ஒன்றை மண்டியில் மாட்டினேன். இன்னொன்றுக்கு இடம் தேடித் தேடி, கடைசியில் ஆலையின் எடை அறையில் ஓர் ஆணி சும்மா இருந்ததைக் கண்டு அதில் மாட்டினேன். அங்கே கொசுறு கேட்க யார் வரப்போகிறார்கள் என்று நானே சிரித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அடுத்து நான் செய்ததைச் சந்தையில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். புரட்டாசியில் பெட்டி நூற்றைம்பது விலையில் இருபத்திரண்டாயிரம் பெட்டி செங்காய் வாங்கி அடுக்கினேன். முப்பத்து மூன்று லட்சம். வீட்டுப் பத்திரம் பைனான்ஸ்காரர் பெட்டிக்குப் போனது, தை முடிவுக்குள் மீட்பதாகப் பேச்சு. மழை மாதத்தில் வரத்து குறைந்து விலை எழுநூறைத் தொடும். தொட்டதும் விற்றால் ஒன்றரைக் கோடி. எல்லோருக்கும் பழைய பொடியைக் கொடுத்துவிட்டு, சூளையிலிருந்து சுடச்சுட வந்த கடைசி நான்கு ஈட்டுப் பொடியை என் சரக்குக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். கையிலிருந்த காசெல்லாம் தக்காளியாகிவிட்டதால் அதோடு கொப்பரையையும் நிறுத்திவைத்தேன். வீட்டுக்கு நல்லது, கடைக்கு மற்றது. நாங்கள் அப்படித்தான்.

ஐப்பசி பத்தாம் தேதி பெட்டி அறுநூற்றுப் பத்து. ஜெனிட்டா போன் செய்தாள். "வித்துருங்க அண்ணாச்சி, போதும்."

"இன்னும் தொண்ணூறு ரூவா இருக்கு டாக்டரம்மா."

பதினேழாம் தேதி காலையில் மழை பிடித்தது. சாதாரண மழை. கிட்டங்கி ஒழுகவில்லை. காற்றில் ஈரம் ஏறியது, அவ்வளவுதான். மதியம் உள்ளே போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். பச்சை வாசனை போய்ப் பழ வாசனை அடித்தது. மறுநாள் காலையில் இருபத்திரண்டாயிரம் பெட்டியும் செக்கச்செவேல் என்று என்னைப் பார்த்தன. கல்யாணத்துக்கு அழைத்தவர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

பக்கத்துக் கிட்டங்கிகளில் பழைய பொடி. அங்கே ஒரு காய்கூட நிறம் மாறவில்லை. ஆனால் பயம் பொடி பார்த்துப் பரவுவதில்லை. பொன்ராசு சரக்கே போய்விட்டது என்றதும் ஊரிலிருந்த அத்தனை மண்டிக்காரர்களும் பூட்டைத் திறந்தார்கள். அறுநூற்றுப் பத்து அன்றைக்கே முப்பதானது. மூன்று நாள் நான் சந்தையில் நின்று கத்தினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு மணி பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கால்களுக்கு நிம்மதியாக இருந்தது.

மழை விட்டதும் ஜெனிட்டா என் கிட்டங்கியிலிருந்து பொட்டலங்களை எடுத்துப்போய்ச் சோதித்தாள். இரண்டு நாள் கழித்து ஆலைக்கு வரச் சொன்னாள்.

"பழைய பொடி குருணை மாதிரி இருக்கு. இந்தக் கடைசி நாலு ஈடு கல்கண்டு மாதிரி பெருசு பெருசா வளந்திருக்கு. பெருசா வளந்ததுல செவுத்துல வெடிப்பு. ஈரக் காத்து அடிச்சதும் தண்ணி உள்ள போயிருச்சு. தண்ணி வந்தா வாயுவுக்கு ரூம் கெடையாது."

"குடியிருந்தவனக் காலி பண்ணிட்டாங்க."

"ஆமா. நாப்பது நாளாப் பிடிச்சு வெச்ச வதந்தி அத்தனையும் ஒரே நாள்ல வெளிய வந்திருச்சு." அவள் நோட்டைப் புரட்டினாள். "அறுநூத்திப் பதினோரு ஈடு வரைக்கும் ஒரு குறை இல்ல. அதுக்கப்புறம் நாலும் கெட்டது. நடுவுல என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல."

"சாம்பல்? களிமண்? ஆளு?"

"அதே சாம்பல், அதே மண்ணு, அதே ஒச்சம்மா. ஒரு போர்டு மாட்டினேன். வேற ஒண்ணுமில்ல."

இருவரும் ஒரே நேரத்தில் எடை அறைச் சுவரைப் பார்த்தோம். ஜெனிட்டா எழுந்து போய் ஒச்சம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உறைப்பொடி எப்பிடி அளப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

ஒச்சம்மா தட்டில் பொடியைக் கொட்டினாள். எண் நானூறில் நின்றது. கையை எடுத்துவிட்டாள்.

"முன்னாடி எப்பிடி அளப்பீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டாள். நானூற்று நாற்பது.

ஜெனிட்டா பத்து முறை போடச் சொன்னாள். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்திரண்டு, முப்பத்தொன்பது. கூட்டி வகுத்தால் நாற்பது.

"ஏன் போட்டீங்க?"

"தராசு நேரா நிக்கிறப்பவே எப்பிடித் தூக்கிக் குடுக்கிறது? வாங்குறவுகளுக்கு ஒரு கை போட வேண்டாமா?"

"யாரும்மா இங்க வாங்குறாங்க?" என்றேன்.

"கொப்பரதான். அதுவுந்தான் வாயத் தெறந்துக்கிட்டு நிக்கிது."

ஜெனிட்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உறை கூடுனா துகள் சின்னதாகும், கெட்டியாகும். நாலு வருசம் படிச்சு நான் எழுதுனது நானூறு. சரியான அளவு நானூத்தி நாப்பது."

உறைப்பொடி சொந்தச் சரக்கு என்பதால் நான் இருப்பு பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் முதல் மாதமே அந்தக் கையைப் பிடித்திருப்பேன்.

"ஒச்சம்மா, நெசத்தச் சொல்லு. தெரிஞ்சுதான் நிறுத்துனியா?"

"எனக்கென்ன தெரியும் மொதலாளி? குடுக்கவும் வேண்டாம்னு எழுதி மாட்டுனீங்க. இந்த ரூம்புல குடுக்கிறவ நான் ஒருத்தி. எனக்குத்தான்னு நெனச்சேன்."

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பேரம் பேசுகிறவனுக்கு, ஒன்றுமே இல்லாத முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகம் வரும். வந்தது. கேட்கவில்லை.

ஜெனிட்டா நோட்டில் நானூறை அடித்துவிட்டு நானூற்று நாற்பது என்று எழுதினாள். உறைப்பொடி அளக்க இயந்திரத்தில் அடைப்பு வராத புதுக் குழாய் ஒன்றையும் பொருத்திவிட்டாள். ஒரு ஈடு போட்டுப் பார்த்தோம். பழைய பொடி மாதிரியே வந்தது. ஈரத்தில் வைத்தோம், அசையவில்லை. அன்றே காஜாவிடம் ஐயாயிரம் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன். 'பிரேக்குப் பொடியின் குறை கண்டுபிடிக்கப்பட்டு முற்றிலும் நீக்கப்பட்டது. மழைக்கும் அசையாது. மண்டி உரிமையாளர்கள் அச்சமின்றி இருப்பு வைக்கலாம்.' நோட்டீஸைச் சந்தையில் கொடுத்தால் ஒரே வாரத்தில் விற்பனை திரும்பும். தைக்குள் வீட்டுப் பத்திரம் திரும்பும்.

வண்டியில் நோட்டீஸ் கட்டை வைத்துக்கொண்டு சந்தைக்கு வந்தேன். மணி ஆறு. ஒச்சம்மா கிழக்கு வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். குழாய் வந்ததும் வேலையிலிருந்து அவளாகவே நின்றுகொண்டாள். நானும் இரு என்று சொல்லவில்லை. எதிரே தக்காளிக் கூறுகள், ஓரத்தில் ஒரு குவியல் பச்சை மிளகாய். சோணை பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் கூட்டம். சிமெண்டு ஒட்டிய கால்கள், மில் பெண்களின் சாப்பாட்டுப் பைகள். ஒரு அம்மாள் எட்டுக் கூறு வாங்கி அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தாள். மெஸ்காரம்மாவாக இருக்கவேண்டும்.

எந்த மண்டியிலும் இப்போது பத்து நாளுக்குமேல் யாரும் சரக்கு வைப்பதில்லை. பொடி எப்போது கைவிடும் என்று தெரியாத பயம். மாலையானால் தள்ளிவிடுகிறார்கள்.

"மறுபடி வேலைக்கு வா ஒச்சம்மா. வேற வேல தர்றேன்."

"எதுக்கு? நானூத்தி நாப்பதுன்னுதான் எழுதிட்டாகளே. எழுதிட்டா அது எட. கொசுறு இல்ல."

"அப்ப அந்த எடைக்குக் காசு தர்றேன். என்ன வேணும், சொல்லு."

"அதுக்கெல்லாம் வெல வெச்சா அப்புறம் எம்பேரு என்னாகிறது?" சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டாள். "வண்டியில என்ன கட்டு?"

"நோட்டீசு."

"பொடி சரியாயிருச்சுன்னா?"

"ஆமா."

"குடுத்தீங்கன்னா?"

"எங்க வீடு திரும்பும்."

"குடுக்காட்டி?"

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரோ ஒருவர், "அக்கா, கூறு எட்டு ரூவாயின்னு போடுக்கா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் என்னை விட்டுவிட்டு, "எட்டுக்கு வேணும்னா ஏழு மணிக்கு வா, இப்ப பத்து" என்று அவருக்குப் பதில் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு கூறு போடு" என்றேன்.

"இருவது ரூவா."

"பதினஞ்சு."

"மொதலாளிக்கு இருவத்தஞ்சு. கூடப் பேசுனா முப்பது."

இருபது கொடுத்தேன். பையில் போட்டாள். பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் உடனே தரவில்லை. மிளகாய்க் குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி உள்ளே போட்டாள்.

"கொசுறு கெடையாதுன்னு போர்டு இருக்கே."

"அது உங்க கடையில."

வீட்டுக்கு வந்தேன். உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். நோட்டீஸ் கட்டைப் பிரித்து, மேலே இருந்த ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் எழுதினேன்.

வாங்கியது 22,000 பெட்டி, ரூபாய் 33,00,000.
விற்றது 18,000 பெட்டி, ரூபாய் 5,40,000.
அழுகிக் கொட்டியது 4,000 பெட்டி.
நட்டம் 27,60,000.
தை முடிய இன்னும் 76 நாள்.

ஒச்சம்மா கைவழி வரவு: ஈடு 611, ஈட்டுக்கு ஒரு கைப்பிடி. கைப்பிடி 40 கிராம், ஏக்கர் 8. ஆக 4,888 ஏக்கர்.
மேற்படியார் வகையில் இன்று வரவு: பச்சை மிளகாய் ஒரு கைப்பிடி.
மேற்படியாருக்குக் கொடுத்தது: இல்லை.
பாக்கி நிற்கிறது.

நோட்டீஸ் சொன்னது 5,000. எண்ணிப் பார்த்ததில் இருந்தது 5,100. நூறு காஜா பாய் கொசுறு. இன்று சந்தையில் கொடுத்தது 0. கணக்கெழுதச் செலவு 1. கைவசம் 5,099.